நூர்ஜகான் வீட்டுப் போசி

கண்ணு,

நீ என்னிடம் கேட்டது அரைப் பக்கம்தான். பீளமேட்டில் நீ திறக்கப்போகும் புதிய கடையின் சுவரில் பதிக்கிற கருங்கல் பலகைக்கு, டவுனில் இருக்கும் நம் பழைய கடையின் வரலாற்றைச் சுருக்கி எழுதித் தரச் சொன்னாய். கல்லில் எழுத்து வெட்டுகிறவர் வெள்ளிக்கிழமைக்குள் வாசகம் வேண்டும் என்று நிற்கிறாராம். மூன்று நாளாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரைப் பக்கம் வரவில்லை, இந்தக் கடிதம்தான் வந்தது. நீ பெருந்துறைத் தொழிற்சாலையில் கடைசி மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஞாயிறுகளில் வந்தால் வீடு முழுக்க உன் கல்யாணப் பேச்சு, கல்யாண ஆட்கள். அதோடு, இதை நேரில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீ அங்கே சிரித்தால் எனக்கு இங்கே கேட்காது.

நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டைப் படித்தேன். உலகத்தில் இன்னும் நடந்துகொண்டிருக்கிற மிகப் பழைய உணவகங்களைப் பற்றியது. ஸ்பெயின் தலைநகரில் பல தலைமுறைகளாக ஒரே அடுப்பில் இறைச்சி வாட்டும் கடை, ஆஸ்திரியாவில் மடத்துச் சுவருக்குள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நடப்பதாகச் சொல்லப்படும் சாப்பாட்டுக் கூடம், சீனாவில் ஒரு கோழிக் கடை. ஓரத்தில் நீ பேனாவால் “நாமும்தான்!” என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாய். உங்கப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு, “ஆயிர வருசமாவா? அப்ப அவுங்க ஆட்டுக்கல்லு தேஞ்சு தட்டமாயிருக்குமே” என்றார். எனக்கு வேறு சந்தேகம். “தொடர்ந்து” என்று அந்தக் கட்டுரையில் பத்து இடத்திலாவது வருகிறது. போர் வந்த ஆண்டுகளில் யார் சமைத்தார்கள்? ஊரே நோயில் படுத்தபோது யார் வந்து உண்டார்கள்? ஏதோ ஒரு பழைய ஏட்டில் ஒரு வரி இருந்தால் அது கடை இருந்ததற்குச் சான்று. மறுநாளும் கடை திறந்தது என்பதற்கு அது சான்றாகாது. இருபது ஆண்டுக்கு மேலாகக் கல்லூரியில் சரித்திரம் படிக்கும் மாணவிகளுக்கு நான் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சொந்தக் கடை என்று வந்ததும் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

நீ அனுப்பிய மாதிரி வாசகத்தில் மூன்று செய்திகள் இருந்தன. ஒரு நாளும் மூடாத கடை. நிறுவியவர் காலம் தொட்டு ஒரு நாளும் அறுபடாத தயிர் உறை. மூன்றாவதாக, “என் தாயாரின் கைராசியால் இன்றும் தொடரும் சுவை.” முதல் செய்திக்கு, நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நானே சாட்சி. அதற்கு முந்தைய காலத்துக்கு உன் அப்பாரு மட்டும்தான் சாட்சி. என் மாமனாரைச் சந்தேகப்படுவதாக நினைக்காதே. கடை எந்த ஆண்டில் தொடங்கியது என்று கேட்டால், “நான் அப்ப இத்தன ஒசரம் இருப்பேனுங்க அம்மணி” என்று கையைத் தரையிலிருந்து தூக்கிக் காட்டுவார். சில நாள் அந்தக் கை முட்டியளவு இருக்கும், சில நாள் இடுப்பளவு. தீபாவளி சமயத்தில் நெஞ்சுவரைகூடப் போயிருக்கிறது. அந்தக் கையை வைத்துக் கல்லில் ஆண்டு வெட்ட என்னால் முடியாது.

மூடாத கடை என்பதற்கு என் கல்யாணமே சான்று. முகூர்த்தத்தைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்ததாக என் வீட்டில் நம்பினார்கள். காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் எது நல்ல நேரமோ அதைத்தான் குறித்தார்கள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. உங்கப்பா மணவறையில் வந்து உட்கார்ந்தபோது சந்தன வாசத்தையும் மீறிப் பெருங்காயம் மணத்தது. தாலி கட்டி முடித்ததும் கடைச் சமையல்காரர் ரங்கசாமி மணவறைக்குப் பக்கத்தில் வந்து காதில் ஏதோ சொன்னார். வாழ்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். ரசத்துக்குத் தக்காளி பத்தாது என்றிருக்கிறார். போன ஞாயிறு இதை உன் சுமதியிடம் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்சமும் அசரவில்லை. “அப்ப நானும் தாலி கட்டுன கையோட ஒரு எட்டு வந்து எல போடோணுமுங்களா அத்தை?” என்றாள். அந்தியூர்க்காரி. எனக்குப் பிடித்துவிட்டது.

இரண்டாவது, மூன்றாவது செய்திகளுக்கு வருகிறேன். என் பேனா நின்ற இடம் அதுதான்.

நம் கடையில் சாம்பார் நல்லா இருக்கும், பொரியல் நல்லா இருக்கும், ஆனால் ஆட்கள் வந்தது தயிருக்கு. மில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் குழம்புச் சோற்றைக் கடமைக்கு உண்டுவிட்டுத் தயிருக்குக் காத்திருப்பார்கள். அந்தத் தயிரின் தாய் ஒரு சின்னக் கல்சட்டி. அதன் வேலை முறையை நீ பார்த்து வளர்ந்தாய் என்றாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்த தப்பு அதற்குள்தான் இருக்கிறது. காலையில் தயிர் உறைந்ததும், பரிமாற எடுப்பதற்கு முன்பு, முதல் கரண்டிகளை எடுத்துக் கல்சட்டியில் ஊற்றி மூடி வைத்துவிடுவார்கள். அது அன்று மாலைப் பாலுக்கு உறை. மீதித் தயிர் முழுவதும் பரிமாறுகிறவருடையது. மதியம் அவர் அண்டாவை வழித்துத் துடைத்துப் பரிமாறலாம், யாரும் கேட்க மாட்டார்கள். உறைதான் சட்டியில் பத்திரமாக இருக்கிறதே! அந்தச் சட்டியைத் தேய்த்துக் கழுவும் வழக்கம் கிடையாது. வெந்நீர் ஊற்றி ஒரு அலசல், அவ்வளவுதான்.

நான் வந்த முதல் ஆண்டு, நீ பிறப்பதற்கு முந்தைய ஆடி மாதம், அப்பாருவும் உங்கப்பாவும் அந்தியூர்ச் சந்தைக்குப் புறப்பட்டார்கள். மாடு வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு குதிரை பார்க்கப் போவது அவர்கள் வழக்கம். கிளம்பும்போது அப்பாரு என்னைக் கூப்பிட்டு, “ஏனுங்க அம்மணி, ரெண்டு நாளைக்கு அந்த உறைய மட்டும் பாத்துக்குங்க. வேற ஒண்ணும் நீங்க செய்ய வேண்டாமுங்க” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். நான் எம்.ஏ. முடித்துவந்த பெண். சட்டியை முதல்முறையாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்விளிம்பில் பழுப்பாக ஒரு வளையம், மோந்தால் ஒரு வாடை. இத்தனை பேர் சாப்பிடும் இடத்தில் இப்படி ஒரு பாத்திரமா என்று கோபமே வந்தது. உள்ளே இருந்த தயிரைச் சாக்கடையில் கொட்டினேன். சலவை சோடாவும் தேங்காய் நாரும் போட்டு, கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். சட்டி புத்தம் புதிதாகப் பளபளத்தது. அதை வெயிலில் கவிழ்த்துவிட்டு, மதியம் அண்டாவில் மிஞ்சும் தயிரில் கொஞ்சம் எடுத்து உறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மனதில் முடிவும் செய்தேன். ரங்கசாமியிடம் மட்டும் சொல்லவில்லை. அவரிடம் போய்ச் சொல்ல எனக்குக் கூச்சம். நான் யாரிடமும் அதிகம் பேசாதவள் என்பது உனக்குத் தெரியும். அதை அடக்கம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். பாதி நேரம் அது வெறும் கர்வம், கண்ணு.

அன்று சந்தைக்குப் போகிற கூட்டம் ஒரு வண்டி நிறைய வந்து இறங்கியது. மதியம் மூன்று மணிக்கு நான் அடுக்களைக்குப் போனால் அண்டாவைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். “தயிரு இல்லீங்களா?” என்று கேட்டேன். “தொடச்சு ஊத்திப்போட்டோமுங்க அம்மணி, கடசி எலைக்கு அண்டாவையே கவுத்தாச்சு” என்று ரங்கசாமி பெருமையாகச் சிரித்தார். அடுப்பில் மாலைக்குரிய பால் பொங்கி இறங்கி, வரிசையாகப் பாத்திரங்களில் ஆறிக்கொண்டிருந்தது. உறை இல்லை. ஒரு துளி இல்லை.

எங்காவது வாங்கலாமே என்று நீ நினைப்பாய். பக்கத்து ஹோட்டலில் கேட்டால் பொழுது விடிவதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும், கவுண்டர் கடையில் உறை செத்துவிட்டது என்று. பால் கையைப் பொறுக்கிற சூட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தச் சூடு போனால் உறையிட்டும் பயனில்லை. இன்னொரு கெடுவும் இருந்தது. விளக்கு வைத்த பிறகு தயிரும் மோரும் வெளியே கொடுப்பது நம் ஊரில் எந்த வீட்டிலும் வழக்கமில்லை. நம்பிக்கைக்கெல்லாம் அப்பாற்பட்டவளாக என்னை நினைத்துக்கொண்டிருந்த நான், அன்று சூரியனைப் பார்த்துப் பார்த்துத் தவித்தேன்.

கடையின் பின்புறச் சுவருக்கு அந்தப் பக்கம் தகரப் பெட்டி செய்கிறவர் வீடு. காலையிலிருந்து தகரம் தட்டும் ஓசை கேட்கும். அந்த வீட்டுக்கு நான் வந்த அதே மாதம் மருமகளாக வந்தவள் நூர்ஜகான். துணி காயப்போடும்போது சுவருக்கு மேலே இரண்டு தலைகள் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொள்ளும். அதற்கு மேல் பழக்கம் இல்லை. அன்று நான் சுவரோரம் இருந்த ஆட்டுக்கல்லின் மேல் ஏறி நின்று கூப்பிட்டேன்.

“ஏனுங்க, மொகமெல்லாம் இப்பிடி வெளுத்துக் கெடக்குது?” என்றாள்.

“கொஞ்சம் உறை மோர் கெடைக்குமாங்க?”

“ஊட்டுக்கா?”

“கடைக்குங்க.”

 அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார், அந்த மாதிரிச் சிரிப்பை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. “தயிருக்குப் பேருபோன கடைக்கு எங்கூட்டு மோருங்களா! இருங்க, இருங்க, அழுதுபோடாதீங்க.” உள்ளே போய் ஒரு எவர்சில்வர் போசி நிறையக் கட்டித் தயிரோடு வந்தாள். “எங்களுக்கு ரெண்டு கரண்டி நிறுத்திக்கிட்டேன். மிச்சமெல்லாம் இதுலதான் இருக்குது.”

“யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.”

“நான் எதுக்குங்க சொல்றேன்? ஆனா ஒண்ணு. நாளைக்குத் தயிரு நல்லா வந்துச்சுன்னா அது எங்கூட்டுத் தயிரு. புளிச்சுப்போச்சுன்னா உங்க கடைத் தயிரு. சரிங்களா?”

சரி என்றேன். பாலில் உறை ஊற்றும்போது ஒவ்வொரு பாத்திரத்தையும் இரண்டு தடவை தொட்டு நான் சூடு பார்ப்பதை ரங்கசாமி பார்த்துவிட்டு, “பயப்படாதீங்க அம்மணி, அது பாட்டுக்கு உறைஞ்சுக்கும்” என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. கல்சட்டியில் இருந்த உறையைத்தான் எடுத்து ஊற்றுகிறேன் என்று நினைத்தார்.

மறுநாள் மதியம் அந்தியூரிலிருந்து வந்திறங்கிய அப்பாரு கைகால் கழுவிக்கொண்டு நேராக இலையில் உட்கார்ந்தார். தயிர்ச் சோற்றை ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் வைத்தார்.  “ரங்கா, உறை ஊத்துனது யாரப்பா?” என்றார். “நம்ம அம்மணிதானுங்க.” அப்பாரு என்னைத் திரும்பிப் பார்த்து, “என்ற கையவிட அம்மணி கை ராசியானதுங்க” என்றார். அன்று முதல் உறைச் சட்டி என் பொறுப்பு. அடுத்த சில ஆண்டுகளில் கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் மருமகளை வேலைக்கு அனுப்புவதா என்று மூக்கைச் சுளித்தார்கள். அப்பாரு ஒரே வார்த்தையில் முடித்தார்: “அந்தக் கை எதத் தொட்டாலும் வெளங்கும், போயிட்டு வரட்டும்.” நான் வகுப்பில் நின்று சான்று, ஆதாரம் என்று பேசியதெல்லாம் நூர்ஜகான் வீட்டுத் தயிரின் மேல் நின்று பேசியது. இப்போது நீ அந்தக் கைராசியைக் கருங்கல்லில் வெட்டப் பார்க்கிறாய்.

அன்றே சொல்லியிருக்கலாம். உறை செத்த கதை தெரிந்தால் அப்பாரு மனம் ஒடிந்துவிடுவார் என்று பயந்தேன். அதைவிட, நூர்ஜகான் வீட்டிலிருந்து வாங்கியது தெரிந்தால், சைவக் கடை, பெரியவர், என்ன சொல்வாரோ என்று பயந்தேன். பாராட்டும் பிடித்திருந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை. ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று தள்ளினேன். பிறகு நீ பிறந்தாய். பிறகு சொல்வதற்கு நேரம் தவறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் தவறிவிட்டது என்பதை யார் சொன்னாலும் நம்பாதே, கண்ணு. முக்கியமாக நீயே சொல்லிக்கொண்டால் நம்பாதே.

அந்தப் போசிதான் எனக்குத் தொந்தரவாக இருந்தது. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை. எதையாவது போட்டுக் கொடுக்கலாம் என்றால், அடுக்களையில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். யாருக்கு, எதற்கு என்று பேச்சு வரும். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வேண்டாம் என்று போசி பரணுக்குப் போய்விட்டது. அதன் அடியில் பெயர் வெட்டியிருக்கும், புள்ளி புள்ளியாக: நூ.ஜ. உனக்கு ஆறு வயதிருக்கும். பரணில் உருட்டி அதை எடுத்துவந்து, “இது யாரு பேருங்கம்மா?” என்று கேட்டாய். பாத்திரக் கடையில் மாறி வந்துவிட்டது என்றேன். சரித்திரம் படித்தவள் கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொந்தப் பிள்ளையிடம் பொய் சொன்னேன். நீ அதில் பட்டுப்பூச்சி வளர்க்கிறேன் என்று முருங்கை இலையைப் போட்டு வைத்தாய். அது கம்பளிப் பூச்சி என்று மூன்றாம் நாள்தான் எல்லோருக்கும் தெரிந்தது. உங்கப்பாவின் முதுகுக்கு முதலில் தெரிந்தது.

உன் வாசகம் வந்த அடுத்த நாள் நூர்ஜகான் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இப்போது இரண்டு பேரப்பிள்ளைகள். தகரப் பெட்டியை யாரும் வாங்குவதில்லை என்று மகன் இரும்பு பீரோ செய்கிறான், தட்டும் ஓசை முன்பைவிட அதிகம். விஷயத்தைச் சொன்னேன். “அடேங்கப்பா, கல்லுல வெட்டறாங்களா!” என்று அதே பழைய சிரிப்பு. பிறகு சொன்னாள், “அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லுலீங்களே. அந்தத் தயிரே ஆதியில உங்க கடையில வாங்குன உறைதானாமா. எங்க மாமியா நான் வந்த புதுசுல சொல்லுவாங்க.”

 அப்படியானால் உறை அறுபடவே இல்லை! நம் கடையிலிருந்து சுவர் தாண்டிப் போனது, தேவைப்பட்ட அன்று சுவர் தாண்டித் திரும்பியிருக்கிறது. உன் கல்வெட்டு பொய்யில்லை. கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் நான் நம்பிக்கைக்காரியாக இருந்தேன். பிறகு தொழில் புத்தி விடவில்லை. “நடுவுல வேற எங்கயாச்சும் உறை வாங்குனீங்களா?” என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, “ஆமாங்க, உங்களுக்குக் குடுக்கறதுக்கு மிந்தியே, நான் வந்த ரம்ஜானுக்கு விருந்தாளிக நெறைய. இருந்த தயிரையெல்லாம் தீத்துப்போட்டுப் பால்காரர்கிட்டத்தான் வாங்குனோமுங்க” என்றாள்.  “கேக்காமயே இருந்திருக்கலாமுங்கக்கா” என்றாள். இருவரும் சேர்ந்து சிரித்தோம். பால்காரருக்கு உறை எங்கிருந்து வந்ததோ! இந்த ஊரில் எல்லா வீட்டுத் தயிரும் எங்கேயோ ஒன்றுக்கொன்று ஒட்டுதான் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை.

அடுத்து அப்பாருவிடம் சொல்ல வேண்டியிருந்தது. எண்பதைத் தாண்டியவர். இன்றைக்கும் மதியம் கடையில் கடைசி மேசையில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி தயிர்ச் சோறு ருசி பார்த்தால்தான் அவருக்கு நாள் நகரும். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து, பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கப்பாவும் கரண்டியோடு வந்து நின்றுவிட்டார்.

“எப்பங்க இது?” என்றார் அப்பாரு.

“நீங்க அந்தியூர் போயிருந்தப்பங்க மாமா. உங்க பேரன் பொறக்கறதுக்கு மிந்தி.”

“சட்டிய எதுல வெளக்குனீங்க?”

“சலவை சோடாவுலங்க.”

“சோடாவுலயா!” கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு வலித்தது அந்த ஒரு இடத்தில்தான் என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் திறந்து, “நூர்ஜகான் ஊட்டுப் போசியத் திருப்பிக் குடுத்துட்டீங்கல்ல?” என்றார்.

“இல்லீங்க மாமா. பரண்ல இருக்குதுங்க.”

“இத்தன வருசமாவா?” எழுந்தே நின்றுவிட்டார். என் மேல் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. “என்னங்கம்மணி, எம்.ஏ. படிச்சிருக்கறீங்க! ஆபத்துக்குக் குடுத்த ஊட்டுப் போசிய யாராச்சும் வெச்சுக்குவாங்களா? அவுங்க நம்மளப் பத்தி என்ன நெனச்சிருப்பாங்க?”

உங்கப்பா அதற்குள் மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். “அப்ப உன்ற கைராசி, உன்ற கைராசின்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சது?” இப்போது சட்னி தண்ணீராகப் போனாலும் என்னைப் பார்த்து, “கைராசி” என்கிறார். இன்னும் எத்தனை வருடத்துக்கு இது ஓடுமோ தெரியாது.

அந்த வீடு, நம் வீடு என்ற பேச்சையே அப்பாரு எடுக்கவில்லை. அவரைக் குறுகிய மனமுள்ளவராக நானே வைத்துக்கொண்டு, இத்தனை ஆண்டு அவருக்குப் பயந்திருக்கிறேன். அவர் அன்றைக்கே இப்படித்தான் சொல்லியிருப்பார் என்றும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எண்பது வயது மனிதரை ஐம்பது சொச்சம் வயதில் கொண்டுபோய் நிறுத்துவது சரித்திரப் பிழை. ஒருவேளை அன்று கோபப்பட்டிருக்கலாம், கோபப்பட்டு ஆறியிருக்கலாம். அந்த வாய்ப்பை நான் அவருக்குக் கொடுக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

சுமதி நம் வீட்டுக்கு வரப்போகிறாள். அவளும் படித்த பெண், அவளுக்கும் நம் வீட்டில் ஏதாவது ஒரு சட்டி அழுக்காகத் தெரியும். தெரியட்டும். தேய்ப்பதற்கு முன்னால் இது எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல். அவள் கேட்டால் நீ எரிச்சல்படாமல் பதில் சொல். கேட்ட பிறகும் தேய்க்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து தேயுங்கள். எதையாவது கெடுத்துவிட்டால் அன்றைக்கே ஒருவருக்கொருவர் சொல்லிவிடுங்கள், விளக்கு வைப்பதற்குள். பக்கத்து வீட்டில் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். உங்களிடம் யாராவது கேட்டு வந்தால் நூர்ஜகான் மாதிரிக் கொடுங்கள். அவள் போசி நிறையக் கொடுத்தாள், ஆனால் தனக்கு இரண்டு கரண்டி நிறுத்திக்கொண்டுதான் கொடுத்தாள். அது கஞ்சத்தனம் என்று அன்று எனக்குத் தோன்றியது. கொடுத்துக்கொண்டே இருக்க நினைக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று இப்போது தெரிகிறது.

இனி உன் கல். ஆண்டு வேண்டாம். உலகில் பழைய கடைகளின் வரிசையில் நமக்கு இடம் வேண்டாம். என் கைராசியை அடித்துவிடு. வெட்டுகிறவரிடம் இந்த நாலு வரியைக் கொடு:

“டவுனில் உள்ள எங்கள் கடை ஒரு நாளும் மூடியதில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அங்கே தயிர் உறை ஒரு நாள் அறுந்தது. அன்று பின்வீட்டு நூர்ஜகான் ஒரு போசி உறை தந்தார். இன்று நீங்கள் உண்பது அந்தத் தயிர்.”

பெயரைப் போடலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். “போடுங்க, எழுத்து மட்டும் பெருசா இருக்கோணும்” என்றாள். அப்பாருவுக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். “சோடா விசயம் கல்லுல வருதுங்களா?” என்றார். வரவில்லை என்றதும் நிம்மதியாகத் தலையாட்டினார்.

புதிய கடைக்கு முதல் உறையை நான் தரமாட்டேன். கல்யாணத்துக்கு மறுநாள் நீயும் சுமதியும் வாசல் வழியாக நூர்ஜகான் வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்குங்கள். ஆட்டுக்கல்லின் மேல் ஏறி நான் கேட்டது போதும். போசியைப் புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன், சோடா தொடவில்லை. அதில் என்ன நிரப்பிக் கொடுப்பது என்பதில்தான் இங்கே சண்டை. உங்கப்பா மைசூர்பாகு என்கிறார். அப்பாரு கல்யாண லட்டுதான் என்று பிடிவாதமாக இருக்கிறார். அநேகமாக இரண்டும் போகும், மூடி மூடாது.

உறை கேட்கும்போது அவள் ஒரு நிபந்தனை சொல்வாள். தயிர் நன்றாக வந்தால் அது அவள் வீட்டுத் தயிர், புளித்தால் நம் கடைத் தயிர். மறுபேச்சுப் பேசாமல் சரி என்று சொல்லிவிட்டு வா. அந்த நிபந்தனையில்தான் நம் கடை இத்தனை வருடம் நடந்திருக்கிறது.

உன் அம்மா